அசையாத உடலின் நோவு

1876ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் மிருகவதைச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. உயிருள்ள மிருகங்களில் ஆய்வு செய்வோரைக் கட்டுப்படுத்துவது அதன் நோக்கம். அனுமதிப்பத்திரம், மயக்கமருந்து, ஆய்வின் பின் மிருகத்தைக் கொல்லவேண்டிய கட்டாயம் என்று ஒழுங்குவிதிகளாக நீளும் அந்தச் சட்டத்தின் நடுவே ஒரு விசித்திரமான வாசகம் இருக்கிறது. குராரே என்னும் பொருளை இச்சட்டத்தின் தேவைகளுக்கு மயக்கமருந்தாகக் கொள்ளக்கூடாது என்பதே அதன் பொருள். ஒரு நஞ்சைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இது மயக்கமருந்து ஆகாது என்று ஒரு பாராளுமன்றம் ஏன் எழுதிவைக்க வேண்டி வந்தது?

குராரே, தென்னமெரிக்கக் காடுகளின் ஆதிக்குடிகள் அம்பு நுனியில் பூசுவதற்குக் கொடிகளிலிருந்து காய்ச்சி எடுத்த நஞ்சு. அம்பு பட்ட மிருகம் கொஞ்ச நேரத்தில் கைகால் தளர்ந்து விழும். பிறகு மூச்செடுக்கும் தசைகளும் தளர்ந்து இறக்கும். பாரிஸில் குளோட் பேர்னார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தவளைகளில் இதை ஆராய்ந்தார். தவளையின் ஒரு காலுக்கு இரத்தம் போகாமற் கட்டிவிட்டு, மற்ற உடலுக்கு நஞ்சை ஏற்றினார். நஞ்சேறிய இடத்தைக் கிள்ளியபோது அந்த இடம் அசையவில்லை. ஆனால் நஞ்சு போகாத அந்த ஒற்றைக் கால் உதறியது. அதாவது கிள்ளியது உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதை வெளியே காட்டத்தான் உடலுக்கு வழி இல்லை. அமைதியாகத் தோன்றும் இந்தச் சாவின் உள்ளே மிகக் கொடிய வேதனை மறைந்திருக்கிறது என்று எழுதியவரும் பேர்னார்தான். அவரே பின்பும் மிருகங்களை அசையாமல் வைத்திருப்பதற்கு அதே குராரேயைப் பாவித்தார். (அவருடைய மனைவி அவரை விட்டுப் பிரிந்ததும், மனைவியும் மகள்களும் மிருகவதைக்கு எதிரானவர்களாக வாழ்ந்ததும் விஞ்ஞான வரலாற்று நூல்களில் ஓரமாகச் சொல்லப்படும் கதை. ஓரமாகச் சொல்லப்படுவதால் சின்னக் கதை என்று நான் நினைக்கவில்லை.)

பாராளுமன்றத்தின் வாசகம் இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. மேசையில் மிருகம் அசையாமற் கிடந்தால் அதற்கு மயக்கமருந்து கொடுத்தாயிற்று என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லக்கூடாது என்று சட்டம் எழுத வேண்டியிருந்தது.

குராரே எப்படி வேலை செய்கிறது என்பதற்கான விளக்கம் 1905இல் கேம்பிரிட்ஜில் ஜோன் லாங்லி என்பவரிடமிருந்து வந்தது. அவர் கோழியின் தசையில் புகையிலை நஞ்சான நிக்கொட்டினை வைத்தார், தசை சுருங்கியது. குராரேயை ஏற்றியபோது அந்தச் சுருக்கம் தடைப்பட்டது. இரண்டும் தசையிலுள்ள ஏதோ ஒரே பொருளில் போய் ஒட்டுகின்றன என்று அவர் முடிவுசெய்தார். இன்று உயிரியல் பாடப்புத்தகங்களில் 'வாங்கி' என்று படிக்கும் கருத்து பிறந்த இடங்களில் இது ஒன்று. பூட்டு ஒன்றுதான். நிக்கொட்டின் அதைத் திறக்கும் திறப்பு. குராரே, துவாரத்துக்குள் போய் இறுகிக்கொண்டு வேறு திறப்பை விடாத குச்சி. இந்த நிக்கொட்டின் வாங்கிகளின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் மூளையிலும் முள்ளந்தண்டிலும் இருக்கின்றன. அவற்றிற் சில நோவு மேலே போகும் பாதையைத் தணிக்கவும் செய்கின்றன. யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்த எங்களுக்கு இது முழுக்கப் புதினமும் இல்லை. பல்லுக்கொதிக்குக் கொடுப்புக்குள் புகையிலைத் துண்டு வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்த கிழவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

இந்த வாங்கிகளைப் பற்றிய கதையில் என்னை நெடுநாள் அலைக்கழித்த விஷயம் ஒன்றுதான். இவற்றில் வேலைசெய்யும் மருந்துகள் அசைவை நிறுத்தும். சில நோவையும் நிறுத்தும். வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

மிருகங்களோடு மட்டும் நின்ற குழப்பம் இல்லை இது. 1940களில் குராரேயிலிருந்து பிரித்தெடுத்த மருந்து சத்திரசிகிச்சைக்கு வந்தபோது, அது உணர்வையும் போக்குமோ என்ற சந்தேகம் வைத்தியர்களிடையே இருந்தது. அமெரிக்காவில் யூட்டாவைச் சேர்ந்த ஸ்கொற் சிமித் என்ற மயக்கமருந்து வைத்தியர் தன் உடலிலேயே அதை ஏற்றச் செய்தார். ஆய்வறிக்கை 1947இல் வெளியானது. விரலையும் அசைக்க முடியாமல், மற்றவர்கள் மூச்சைக் கொடுக்கக் கிடந்த அவர் முழு நினைவோடு இருந்தார். எல்லா நோவும் தெரிந்தது. தன் உமிழ்நீரை விழுங்க முடியாமல் மூச்சடைப்பதுபோல இருந்ததையும் உணர்ந்தார். மருந்து தெளிந்தபின் அவர் வாய் திறந்து சொன்னதால் அந்தக் கேள்வி தீர்ந்தது.

வாய் திறந்து சொல்ல ஏலாதவர்கள் விஷயத்தில் அது தீர 40 வருடங்கள் ஆயின. பிறந்த குழந்தைகளின் நரம்பு முதிரவில்லை, அவர்களுக்கு நோவு தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்ற நம்பிக்கையில், 1980களின் நடுப்பகுதி வரை பல ஆஸ்பத்திரிகளில் சிசுக்களுக்குத் தசையைத் தளர்த்தும் மருந்தும் பெயருக்குக் கொஞ்ச வாயுவும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். கொடுத்த மருந்துகள் குராரேயின் வழிவந்தவை. குழந்தை அசையவில்லை, அழவும் இல்லை. 1987இல் இந்தியாவிலிருந்து ஒக்ஸ்போர்டுக்குப் படிக்கப்போன ஆனந்த் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு, நல்ல நோவுகொல்லியும் சேர்த்துக் கொடுத்த குழந்தைகளின் உடலில் அதிர்ச்சிச் சுரப்புகள் குறைவென்றும், பின்விளைவுகள் குறைவென்றும் காட்டியது. இரத்தத்தை அளந்து காட்டிய பிறகுதான் நம்பினார்கள். எனக்கு இதை வாசித்தபோது வந்தது கோபமென்று சொல்லமாட்டேன். அந்த வைத்தியர்கள் கொடியவர்களாய் இருந்திருந்தால் விளங்கிக்கொள்வது சுலபம். அவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அதே மேசையில் கிடத்தியிருப்பார்கள்.

இனி மற்றப் பக்கம்.

1974இல் ஜோன் டேலி என்ற அமெரிக்க இரசாயன விஞ்ஞானி, தவளைகளை அறிந்த சார்ல்ஸ் மயர்ஸ் என்பவரோடு எக்குவடோருக்குப் போய், விரல் நுனியளவு சின்னத் தவளை ஒன்றின் தோலிலிருந்து சாறு எடுத்துவந்தார். அதில் துளியைச் சுண்டெலிக்கு ஏற்றியபோது வால் முதுகுக்கு மேலாக வளைந்து விறைத்து நின்றது. அபின் வகை மருந்து ஏற்றினால் சுண்டெலியின் வால் அப்படித்தான் நிற்கும். சூட்டுத்தட்டில் விட்டபோது மோர்பினைவிட ஏறத்தாழ 200 மடங்கு வலுவாக அந்தச் சாறு வேலை செய்தது. ஆனால் மோர்பினை முறிக்கும் மருந்து இதை முறிக்கவில்லை. அப்படியானால் இது அபின் வழியில் போகவில்லை. வேறொரு வாசலால் போகிறது. 750 தவளைகளின் தோலிலிருந்து ஒரு மில்லிகிராமும் தேறாத பொருளை வைத்துக்கொண்டு, கருவிகள் மேம்படும் வரை வருடக்கணக்காகக் காத்திருந்து, 1992இல் அதன் வடிவத்தைக் கண்டார்கள். எபிபற்றிடின் என்று பெயர் வைத்தார்கள். அது போன வாசல் நிக்கொட்டின் வாங்கி. கூண்டில் பிறந்து வளர்ந்த அதே இனத் தவளைகளின் தோலில் அந்த நஞ்சு இருக்கவில்லை. காட்டில் தின்ற ஏதோவொன்றிலிருந்து அவை அதைச் சேர்த்திருக்கின்றன. காட்டை விட்டு வந்த தவளைக்கு அது இல்லாமற் போவதைப் பற்றி எங்களுடைய கவிஞர்கள் யாராவது எழுதலாம். நான் அந்த வேலைக்கு வரவில்லை.

சூட்டுத்தட்டு என்றேன். நோவை அளக்கும் முறைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 52 முதல் 55 பாகை வரை சூடாக்கிய தட்டில் சுண்டெலியை விட்டு, அது பாதத்தை நக்குவதற்கோ பாய்வதற்கோ எத்தனை விநாடி எடுக்கிறது என்று பார்ப்பது ஒன்று. வாலில் சூட்டுக் கதிரை விழுத்தி எப்போது வாலை இழுக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. பாதத்தில் போமலின் ஏற்றி எவ்வளவு நேரம் நக்குகிறது என்று பார்ப்பது மூன்றாவது. நரம்பைக் கட்டிவிட்டு, பிறகு மெல்லிய நாரால் பாதத்தைத் தொட்டு எப்போது காலைத் தூக்குகிறது என்று பார்ப்பதும் உண்டு. தட்டில் இத்தனை விநாடிக்கு மேல் விடக்கூடாது என்ற எல்லை உண்டென்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எல்லா முறைகளிலும் கேள்வி ஒன்றே: எப்போது அசைகிறது? மருந்து கொடுத்தபின் அசைவு பிந்தினால் மருந்து நோவைக் குறைத்தது என்பார்கள். பேர்னாரின் தவளையும் அப்படித்தான் அசையாமல் இருந்தது. இதை ஆய்வாளர்கள் அறியாதவர்கள் இல்லை. சுழலும் உருளையில் எலியை நிற்கவைத்து, விழாமல் நிற்கிறதா என்று தனியாகப் பார்ப்பார்கள். எபிபற்றிடினின் கதை கெட்டது அந்த இடத்தில்தான். நோவைக் குறைக்கும் அளவும், உடலைத் தளர்த்தும் அளவும், கொல்லும் அளவும் ஒன்றுக்கொன்று மிகக் கிட்டவாக இருந்தன.

லண்டனுக்கு வந்த முதல் வருடங்களில் ஒரு பல்கலைக்கழகத்தின் மிருக இல்லத்தில் கூடு கழுவும் வேலை செய்தேன். பாதணிப் பெட்டியளவு பிளாஸ்ரிக் கூடுகள், மரச்சீவல், நீராவியில் அவித்தெடுத்த உணவின் மணம். ஒவ்வொரு கூட்டின் முன்னாலும் ஒரு அட்டை. அதில் அனுமதி இலக்கம், திகதி, எத்தனை உருப்படி. நலமாயிருக்கும் சுண்டெலி இரவில் கடதாசித் துண்டுகளைக் கிழித்துப் பஞ்சுபோலக் கூடு கட்டும். நோவிலிருப்பது கட்டாது. மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, மூலையில் இருக்கும். பெரிய படிப்பில்லாமலே ஒரு மாதத்தில் இது தெரிந்துவிடும். என்னோடு வேலைசெய்த வயதான அண்ணை ஒருவர், நான் ஒரு கூட்டுக்கு முன்னால் நின்றதைக் கண்டு சொன்னார்: "தம்பி, அதுகளுக்கு எங்களை மாதிரி நோகாது. நோகுமெண்டால் கத்தாதே?" சுண்டெலிகள் தமக்குள் எழுப்பும் ஒலிகளிற் பெரும்பாலானவை மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் இருப்பவை என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. அண்ணை அப்படிச் சொன்னது வேலையைத் தொடர்வதற்காக. அதை நான் இளக்காரமாக எழுதவில்லை.

ஆனால் 'எங்களை மாதிரி நோகாது' என்ற வசனத்தை மருந்தாய்வில் ஒருவரும் சொல்ல முடியாது. எங்களை மாதிரி நோகாவிட்டால் எலியின் காலில் கிடைத்த முடிவை வைத்து மனிதனின் காலுக்கு மருந்து செய்வதில் அர்த்தமில்லை. எங்களை மாதிரி நோகுமென்றால், செய்வது எங்களில் ஒருவருக்குச் செய்யக்கூடாத காரியம். இந்த வாதம் எல்லா மிருக ஆய்வுக்கும் ஓரளவு பொருந்தும். நோவு ஆய்வில் அதற்குத் தனிக் கூர்மை உண்டு. புற்றுநோய் மருந்தைச் சோதிப்பவனுக்கு எலியின் கட்டிதான் தேவை. எலியின் வேதனை தேவையில்லை, முடிந்தால் அதைத் தணித்துவிட்டே வேலை செய்யலாம். 1959இல் ரசல், பேர்ச் என்ற இருவர் சொன்ன குறைத்தல், தணித்தல், மாற்றுதல் என்ற மூன்று நெறிகளில் தணித்தல் என்பது அதுதான். நோவு மருந்தைச் சோதிப்பவனுக்கு வேதனையே மூலப்பொருள். அதைத் தணித்தால் சோதனையே இல்லை. ஒவ்வொரு சோதனையிலும் மருந்துக்குப் பதிலாக உப்புத்தண்ணீர் மட்டும் ஏற்றப்படும் ஒரு தொகுதி எலிகள் இருக்கும். மற்றத் தொகுதியில் நோவு குறைந்தது என்று சொல்வதற்காக இவற்றுக்கு நோகவேண்டும்.

இதை வாசித்துவிட்டு, ஆய்வை நிறுத்து என்று சொல்லப்போகிறான் என்று நினைப்பவர்கள் பொறுக்கவேண்டும். என் அம்மாவுக்கு 20 வருடத்துக்கு மேலாகச் சீனி வியாதி. எங்கள் வீடுகளில் இது புதினமான சங்கதி இல்லை. இரண்டு பாதமும் இரவில் எரியும். போர்வை படுவதும் தாங்காது. வைத்தியசாலையில் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்பார்கள். அம்மாவிடம் இலக்கம் இல்லை, சொற்கள் இருக்கின்றன. எரியுது, விறைக்குது, உளையுது, கடுக்குது, ஊசி குத்துற மாதிரி. நான் மொழிபெயர்த்து முடிக்க முன்னர் ஒதுக்கிய பத்து நிமிடம் முடிந்துவிடும். டொக்டருக்கு முன்னால் முகம் சுளிப்பது மரியாதையில்லை என்று அம்மா சிரித்துக்கொண்டிருப்பா. பிறகு வந்த கடிதத்தில் நோயாளிக்கு முறைப்பாடு எதுவும் இல்லை என்று இருந்தது. இந்தக் கால்களுக்கு ஒரு மருந்து வரவேண்டும் என்று நான் விரும்புகிறேன். அந்த விருப்பத்தை மறைத்துக்கொண்டு எலிகளைப் பற்றி நல்லபிள்ளைக்கு எழுத எனக்கு ஏலாது.

எபிபற்றிடினைப் பார்த்து அபொட் நிறுவனம் செய்த ஏபிரி-594 என்ற மருந்து இப்படியான கால்களுக்குத்தான் சோதிக்கப்பட்டது. 1998இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எலிகளில் அதன் பலன் வெளியானபோது, அபினின் தீமைகள் இல்லாத நோவுகொல்லி வருகிறதென்று பெரிய நம்பிக்கை எழுந்தது. மனிதர்களில் செய்த சோதனையின் முடிவு 2009இல் வெளியானது. சீனி வியாதியால் நரம்பு நோவு கண்ட 266 பேர். மூன்று வெவ்வேறு அளவில் மருந்து, நான்காவது தொகுதிக்கு வெறும் குளிசை. மருந்து வேலை செய்தது. மூன்று அளவிலும் வெறும் குளிசையைவிட நோவு குறைந்தது. ஆனால் குமட்டல், தலைச்சுற்று, சத்தி. கூடிய அளவு எடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் பக்கவிளைவு தாங்காமல் சோதனையை விட்டு விலகினார்கள். அத்தோடு அந்த மருந்தின் பயணம் நின்றது. நிக்கொட்டின் வாங்கிகள் வழியாக வேலைசெய்யும் நோவுகொல்லி ஒன்றும் இதுவரை மருந்துக்கடைக்கு வரவில்லை.

எலிக்குச் சத்தி எடுக்க முடியாது. எலியோ சுண்டெலியோ, அந்த இனத்துக்கே அந்த ஆற்றல் இல்லை. எந்தத் துன்பம் இந்த மருந்தை மனிதர்களிடம் தோற்கடித்ததோ, அதைக் காட்டுவதற்கு அவற்றுக்கு உடலிலேயே வழி இல்லை. எலிகளுக்கும் குமட்டியிருக்கலாம். குமட்டலினால் அசையாமல் இருந்த எலியும் நோவு குறைந்து அசையாமல் இருந்த எலியும் ஒரே பத்தியில் எழுதப்பட்டிருக்கலாம். விலகிப்போகும் உரிமை 266 பேருக்கும் இருந்தது. அவர்கள் போனதால்தான் உண்மை தெரிந்தது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். மறுக்க முடியாத ஒரு சாட்சியை எங்களுக்கு வேண்டிய பதிலைச் சொல்லும் சாட்சியாக்குவது எவ்வளவு சுலபம். இது அன்பு பற்றிய கேள்வி மாத்திரமல்ல, அறிவு பற்றிய கேள்வியும்கூட. மிருகங்கள் பேசுமா என்பதை விட்டுவிட்டு அவை துன்புறுமா என்று கேட்கச் சொன்னார் பெந்தம், 1789இல். துன்புறுகின்றன என்று ஒப்புக்கொண்ட பிறகும், அந்தத் துன்பத்தை எந்த அடையாளத்தில் வாசிப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

வாசிக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். 2010இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெவ்ரி மோகிலின் குழு, சுண்டெலியின் முகத்திலேயே நோவு தெரிகிறது என்று காட்டியது. கண்ணைச் சுருக்குதல், மூக்கும் கன்னமும் புடைத்தல், காது பின்வாங்குதல், மீசைமயிரின் மாற்றம் ஆகிய ஐந்தையும் பார்த்து அளவிடலாம். 2014இல் அதே குழு இன்னொன்றையும் கண்டது. அறையில் ஆண் ஆய்வாளர் இருந்தால், அல்லது ஆண் போட்ட சட்டை கிடந்தாலே, சுண்டெலிகள் காட்டும் நோவு குறைகிறது. அந்த மணம் அவற்றுக்குப் பயத்தை மூட்டுகிறது. பயம் நோவை அமுக்கிவிடுகிறது. அத்தனை வருடங்களாக எத்தனை அறைகளில் எத்தனை ஆண்கள் கடிகாரத்தோடு நின்று நோவை அளந்திருப்பார்கள்!

இந்த இடத்தில் லண்டன் வழக்கு ஒன்று நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. எலியையும் அகதியையும் ஒப்பிடுவதற்காக அதைச் சொல்லவில்லை. அசையாமையை அதிகாரம் எப்படி வாசிக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். இலங்கையில் சூடான இரும்பினால் சுடப்பட்டதாகச் சொன்ன எம்மவர் ஒருவரின் தழும்புகளில், கையில் இருந்தவை ஓரம் கலைந்தும், முதுகில் இருந்தவை ஓரம் தெளிவாகவும் இருந்தன. முதுகில் சுட்டபோது தான் நினைவிழந்திருந்ததாக அவர் சொன்னார். தீர்ப்பாயம் வேறுவிதமாக வாசித்தது. அசையாமற் கிடந்திருக்கிறார் என்றால், தஞ்சம் பெறுவதற்காக மயக்கமருந்து எடுத்துக்கொண்டு தானே சுடுவித்திருக்கலாம் என்றது. 2019இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்த வாசிப்பை ஏற்கவில்லை. அப்படித் தானே சுடுவித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் மிகக் குறைவு என்று சொல்லி, வழக்கைத் திரும்ப விசாரிக்க அனுப்பியது.

என் நிலைப்பாடு என்னவென்று கேட்டால், அது ஒரு பக்கத்தாருக்கும் பிடிக்காது. அம்மாவின் கால்களுக்காக எலிகளுக்கு நோகச் செய்வதை நான் முழுதாக எதிர்க்கவில்லை. அந்தத் தெரிவைச் செய்கிறேன் என்று சொல்லிச் செய்யவேண்டும். அதுகளுக்குத் தெரியாது, அதுகள் கத்தவில்லை என்ற வசனங்களின் பின்னால் நின்று செய்யக்கூடாது. சந்தேகம் வரும்போது, அசையாத உடலுக்கு நோகிறது என்றே கணக்கு வைக்கவேண்டும். நோகவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு கடிகாரம் பிடித்திருப்பவனுடையது. இப்படிக் கணக்கு வைத்தால் ஆய்வுகள் குறையும், செலவு கூடும், சில மருந்துகள் பிந்தும். அம்மாவுக்கு 80 வயது. பிந்துவதை அவ தாங்குவாவா என்று எனக்குத் தெரியாது.

அம்மா இப்போது எடுப்பது பிரெகபலின் குளிசை. அதுவும் எலிகளின் பாதங்களைக் கடந்து வந்ததுதான். எரிவு கொஞ்சம் குறைவு, பகலில் தூங்கி விழுகிறா. தவளைக் கதையை ஒருநாள் சொன்னேன். 750 தவளை என்றதும் என்ன செய்தவங்கள் அதுகளை என்று கேட்டா. தோலை உரித்தார்கள் என்றேன். மருந்து வந்ததோ என்று கேட்டா. இல்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, காலை நிலத்தில் குளிர்ச்சியாக வைத்துக்கொள்வதற்காகக் கம்பளத்தை இழுத்து விடச் சொன்னா.